மேசைக்குத் திரும்புங்கள் என்றவர்கள்

நோர்வேயைத் திட்டுவது இலங்கையில் இன்றும் செலவில்லாத பொழுதுபோக்காகவே இருந்துவருகிறது. கண்டி நகரின் தேநீர்க் கடையில் பேச்சுத் தொடங்கினாலும் சரி, ரொறன்ரோவில் தமிழர்கள் கூடும் மண்டபமொன்றில் தொடங்கினாலும் சரி, சமாதான முயற்சி என்ற சொல் வாயில் வந்தவுடன் எரிக் சொல்ஹெய்மின் பெயரும் கூடவே வந்துவிடும். தெற்கில் பலருக்கு அவர் விடுதலைப் புலிகளுக்கு மூச்சுக் கொடுத்தவர். புலம்பெயர்ந்த தமிழர்களில் ஒரு பிரிவினருக்கோ அவர் புலிகளைச் சர்வதேச வலைப்பின்னலுக்குள் சிக்கவைத்தவர். ஒரே மனிதர் ஒரே காலத்தில் இரண்டையும் செய்திருக்க முடியாது. இரண்டையுமே செய்யவில்லை என்பது எனது அபிப்பிராயம்.

பக்கச்சார்பு என்ற குற்றச்சாட்டு வசதியானது. அதைச் சொல்பவர் தன்னுடைய தரப்பின் கணக்கைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியமில்லை. ஆனால் நோர்வேயும், அதனுடன் இணைத் தலைமை நாடுகளாக நின்ற ஜப்பானும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் இழைத்த தவறு வேறு. அவர்கள் பேச்சுவார்த்தையையும் சமாதானத்தையும் ஒன்றாக எண்ணினார்கள். ஒவ்வொரு குண்டுவெடிப்புக்குப் பிறகும், ஒவ்வொரு படுகொலைக்குப் பிறகும், அவர்கள் உயிர்ப்பிக்க ஓடியது சந்திப்பைத்தான். சந்திப்பில் கொடுக்கப்பட்ட வாக்குறுதியை உயிர்ப்பிக்க ஒருவரும் ஓடவில்லை.

2006ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அதற்கு முன்னைய வருடம் ஓகஸ்ட் 12 வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொழும்பில் அவரது வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். டிசம்பரில் மட்டக்களப்பில் நத்தார் நள்ளிரவு ஆராதனையின்போது தேவாலயத்துக்குள் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்தில் கிளேமோர்கள் வெடித்துக்கொண்டிருந்தன. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். இவ்வளவுக்கும் பிறகு சொல்ஹெய்ம் கிளிநொச்சிக்குச் சென்று திரும்பினார். ஜெனீவாவில் சந்திப்பு என்று அறிவிக்கப்பட்டது. எங்கே சந்திப்பது என்பதற்காக மட்டுமே வாரக்கணக்கில் இழுபறி நடந்திருந்ததால், இடம் முடிவானதே ஒரு பெரும் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது.

பெப்ரவரி 22, 23ஆம் திகதிகளில் அந்தச் சந்திப்பு நடந்தது. அரசாங்கப் படைகளைத் தவிர வேறெந்த ஆயுதக்குழுவும் தனது கட்டுப்பாட்டுப் பிரதேசத்தில் ஆயுதம் தரிக்காதிருப்பதை உறுதிசெய்வதாக அரசாங்கம் வாக்களித்தது. படையினர் மீதும் பொலிஸார் மீதும் வன்முறை நிகழாதிருக்க நடவடிக்கை எடுப்பதாகப் புலிகள் வாக்களித்தனர். ஏப்ரல் மாதம் மீண்டும் சந்திப்பது என்று முடிவாயிற்று. கருணா குழுவின் ஆயுதங்கள் களையப்படவில்லை. படையினர் மீதான தாக்குதல்கள் ஏப்ரலில் முன்னரைவிட மோசமாகத் தொடங்கின. 12ஆம் திகதி திருகோணமலைச் சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்து தமிழர்கள் தாக்கப்பட்டனர், கடைகள் எரிந்தன. 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தலைமையகத்துக்குள் தற்கொலைக் குண்டுதாரிப் பெண்ணொருவர் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவைக் குறிவைத்தார். அன்றே விமானப்படை சம்பூர் மீது குண்டுவீசியது.

இந்தக் கட்டத்தில் ஓர் அனுசரணையாளர் என்ன கேட்டிருக்க வேண்டும்? பெப்ரவரியில் நீங்கள் கொடுத்த வாக்கு எங்கே என்று இரு தரப்பிடமும் பகிரங்கமாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கப்பட்டதோ அடுத்த சுற்றுக்கு எப்போது வருகிறீர்கள் என்பது. மே 29 ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஜூன் மாதம் இரு தூதுக்குழுக்களும் ஒஸ்லோ வரை சென்றன. அங்கே அரச குழுவைச் சந்திக்கப் புலிகள் மறுத்துவிட்டனர். ஜூன் 15 கெப்பித்திகொல்லாவையில் பேருந்தொன்று கண்ணிவெடியில் சிக்கி 64 பொதுமக்கள் பலியாகினர். புலிகள் தங்களுக்குத் தொடர்பில்லை என்றனர். அந்த மறுப்பை நம்பியவர்கள் அதிகமில்லை. ஓகஸ்ட் மாதம் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள் 17 பேர் சுடப்பட்டனர். அதற்குப் படையினரே பொறுப்பு என்று கண்காணிப்புக் குழுவின் தலைவர் உல்ப் ஹென்றிக்சன் கூறினார், அரசாங்கம் மறுத்தது. அதே ஓகஸ்டில் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானக் குண்டுவீச்சு. செப்டெம்பரில் இணைத் தலைமை நாடுகள் பிரசெல்ஸில் கூடி, நிபந்தனையற்ற பேச்சுக்கு இரு தரப்பும் இணங்கியிருப்பதாக அறிவித்தன.

ஒக்டோபர் 16 ஹபரணைக்கு அருகே திகம்பதனையில், விடுமுறையில் செல்வதற்கும் கடமைக்குத் திரும்புவதற்குமாகப் பேருந்துகளில் கூடியிருந்த கடற்படையினர் மீது லொறியொன்று மோதி வெடித்தது. ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர். அதே நாளில் உச்ச நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. இரண்டு நாட்களில் காலித் துறைமுகம் தாக்கப்பட்டது. ஆயினும் ஒக்டோபர் 28 காலை ஜெனீவாவில் மேசை தயாராக இருந்தது, நாற்காலிகள் இருந்தன, நோர்வேயின் வரவேற்புரையும் இருந்தது.

அந்தச் சந்திப்பு எதில் முறிந்தது என்பதைக் கண்டிவாசிகள் கவனிக்கவேண்டும். சமஷ்டியில் அல்ல, சுயநிர்ணய உரிமையிலும் அல்ல. ஏ9 வீதியில் முறிந்தது.

ஏ9 என்றவுடன் நம்மில் பலருக்கு ஓமந்தையும் முகமாலையும்தான் நினைவுக்கு வரும். அந்த நெடுஞ்சாலை தொடங்குவது கண்டியில். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை என்று இறங்கி, வவுனியா ஊடாக யாழ்ப்பாணம் வரை 320 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் பலனாக அந்த வருடம் அது முழுமையாகத் திறக்கப்பட்டபோது, பன்னிரண்டு வருடங்களாக வடக்கைக் கண்ணால் காணாத சிங்கள யாத்திரிகர்கள் நயினாதீவுக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்தவர்கள் கண்டிக்கு வந்து உறவினர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சட்டஹிப், ஒஸ்லோ, பேர்லின், ஹக்கோனே என்று ஆறு சுற்றுகளில் பேசப்பட்டவற்றில் சாதாரண மனிதனின் கையில் கிடைத்த ஒரே பொருள் இந்த வீதிதான் என்று நான் அப்போதும் எண்ணினேன், இப்போதும் எண்ணுகிறேன்.

2006 ஓகஸ்ட் 11 சண்டை மூண்டதுடன் அது மூடப்பட்டது. குடாநாட்டில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் கப்பலை நம்பி அரிசிக்கும் மருந்துக்கும் காத்திருந்தனர். ஜெனீவாவில் தமிழ்ச்செல்வன் தலைமையில் வந்திருந்த குழு வீதியைத் திற என்றது. நிமல் சிறிபால டி சில்வா தலைமையிலான குழு, புலிகள் அதில் வரி அறவிடுகிறார்கள், கப்பலில் பொருள் அனுப்புகிறோம், திறக்க முடியாது என்றது. வரி அறவிட்டதும் உண்மை, மக்கள் பட்டினியால் வாடியதும் உண்மை. இரண்டு நாட்களில் கூட்டம் கலைந்தது. அடுத்த திகதிகூடக் குறிக்கப்படவில்லை. அரசாங்கமும் புலிகளும் நேருக்குநேர் அமர்ந்த கடைசி அமர்வு அதுவே. அங்கே புலிகளின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் 2007 நவம்பர் 2 விமானக் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார்.

அனுசரணையாளர்களின் கண்ணுக்கு ஏ9 ஓர் இடைஞ்சல். பேச்சுக்குப் போகும் வழியில் கிடந்த கல். அந்தக் கல்தான் பேச்சின் பொருளே என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. அரிசி லொறி போவதற்கு ஒரு நடுநிலைக் கண்காணிப்பை ஏற்படுத்தி, வரி அறவிடுவதையும் வழிமறிப்பதையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் செய்ய முடியாதவர்கள், அரசியல் தீர்வை எப்படிப் பெற்றுத்தருவார்கள்?

மீறியவர் விலை கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாடு இந்த முயற்சியில் எந்தக் கட்டத்திலும் இருக்கவில்லை. ஐந்து நோர்டிக் நாடுகளின் கண்காணிப்புக் குழு மீறல்களை எண்ணியது, நேர்மையாகவே எண்ணியது. புலிகளின் பெயரில் பதிவான மீறல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன, அரசாங்கத்தின் பெயரில் சில நூறுகள். சிறுவர்களைப் படையில் சேர்த்ததும் மாற்றுக்கருத்துடைய தமிழர்களைச் சுட்டதும் அந்தக் கணக்கில் பெரும்பங்கு. இதை எழுதினால் புலம்பெயர் வாசகர்கள் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், பலியானவர்களும் தமிழர்களே. எண்ணிய பின் என்ன நடந்தது? ஒன்றுமில்லை. தண்டிக்கும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத் தடைக்குப் பின் அதிலிருந்த மூன்று நாடுகளையும் வெளியேறச் சொன்னார்கள் புலிகள்; வெளியேறினார்கள்.

வட அயர்லாந்தைச் சமாதானத்துக்கு உதாரணமாகக் காட்டிய மேலைநாட்டு நண்பர்கள் இங்கே ஏராளம். பெல்பாஸ்ட் எப்படி நடந்தது என்பதை மட்டும் அவர்கள் முழுமையாகச் சொல்வதில்லை. 1996 பெப்ரவரியில் ஐரிஷ் குடியரசுப் படை இலண்டனில் குண்டு வைத்தபோது, அதன் அரசியல் பிரிவான சின் பெயின் பேச்சுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 1997 ஜூலையில் மீண்டும் போர்நிறுத்தம் அறிவிக்கும்வரை அது வெளியேதான் நின்றது. செனட்டர் மிட்செல் வகுத்த வன்முறை மறுப்புக் கொள்கைகளை ஏற்காமல் உள்ளே வரமுடியாது. மீறல் காரணமாக 1998 பெப்ரவரியில் மறுபடியும் சில வாரங்கள் வெளியே அனுப்பப்பட்டது. ஆனால் அங்கே மேசையில் பல கட்சிகள் இருந்தன. ஒருவரை வெளியே அனுப்பினாலும் மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம். இங்கே இரண்டே இரண்டு பேர். ஒருவரை வெளியே அனுப்பினால் மேசையே இல்லை. அந்த இரண்டு பேரும் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தூதுவர்களைவிட நன்றாக அறிந்திருந்தார்கள்.

இரண்டு பேர் மாத்திரம் அமர்ந்த மேசை என்பதே இயற்கையின் நியதி அல்ல, அமைத்தவர்களின் தெரிவு. முஸ்லிம்கள் தனித் தரப்பாகக் கேட்டார்கள். ரவூப் ஹக்கீமுக்கு அரச தூதுக்குழுவில் ஒரு நாற்காலி கிடைத்தது. 2006இல் மூதூர் முஸ்லிம்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்க்கு ஓடியபோது அந்த நாற்காலியால் என்ன பயன்? மலையகத் தமிழருக்கு அதுவும் இல்லை. 1985இல் திம்புவில் தமிழ் இயக்கங்கள் முன்வைத்த நான்கு கோட்பாடுகளில் ஒன்று இலங்கையைத் தாயகமாகக் கொள்ளும் தமிழர் அனைவருக்கும் குடியுரிமை என்பது. அன்றைய இளைஞர்கள் ஹந்தானையிலும் கலஹாவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணை நினைத்துப் பார்த்தார்கள். அநுராதபுரத்தில் 146 பேர் கொல்லப்பட்டு இரண்டு மாதங்களும் ஆகாத நிலையில், இந்தியாவின் அழுத்தத்தில் கூடிய அந்தப் பேச்சு வவுனியாப் படுகொலையுடன் ஓகஸ்டில் முறிந்தது. ஆயினும் அதன் கோட்பாடு பரந்தது. 2002க்குப் பிந்திய நோர்வே மேசையில் மலையகம் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இருக்கவில்லை.

குண்டுகள் மட்டும் இந்த எல்லையைப் பொருட்படுத்தவில்லை. 1998 ஜனவரி 25 தலதா மாளிகை வாசலில் லொறிக் குண்டு வெடித்து, பச்சிளம் குழந்தையொன்று உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சுதந்திரப் பொன்விழாவை இங்கிருந்து கொழும்புப் பக்கம் மாற்றினார்கள். அந்த வாரம் வவுனியாவிலிருந்து செய்திக்காக வந்த சக பத்திரிகையாளர் ஒருவருக்கு நகரில் அறை கொடுக்க எந்த விடுதியும் முன்வரவில்லை. அவர் எனது வீட்டு விறாந்தையில் படுத்தார். 2008 பெப்ரவரியில் கண்டியிலிருந்து அநுராதபுரம் நோக்கிச் சென்ற பேருந்தில் தம்புள்ளையில் குண்டு. ஜூன் 6 பொல்கொல்லையில் குண்டு. ஒவ்வொன்றின் பின்னும் வீதித்தடையில் இறக்கப்பட்டவர்கள், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே தள்ளப்பட்டவர்கள் தோட்டத்துப் பையன்கள். எந்த மேசையிலும் அவர்கள் பெயர் இல்லை.

சிங்களக் கண்டியின் நிலையும் வேறொரு வகையில் இதுதான். தமிழருடன் எந்த உடன்பாடு செய்தாலும் அது கண்டியைத் தாண்டவேண்டும் என்பது 1957 ஒக்டோபரில் ஜே. ஆர். ஜெயவர்தன பண்டா - செல்வா ஒப்பந்தத்துக்கு எதிராகத் தலதா மாளிகை நோக்கி நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே எழுதப்படாத சட்டம். இம்புல்கொடையில் அவரை மறித்தார்கள். ஆனால் ஒப்பந்தம் ஆறு மாதங்களில் கிழிந்தது. வெளிநாட்டுத் தூதுவர்களுக்கு இந்த வரலாறு தெரியாததல்ல. மல்வத்தைக்கும் அஸ்கிரியவுக்கும் வந்தார்கள், வணங்கினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். முடிவெடுத்த பின் அறிவிக்க வந்தார்களே தவிர, முடிவெடுக்கமுன் வாதாட வரவில்லை. மகாநாயக்கர்களின் நிலைப்பாட்டை நான் ஏற்பவன் அல்லன். 2023 பெப்ரவரியில் பதின்மூன்றாவது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்தவேண்டாம் என்று அவர்கள் ஜனாதிபதிக்கு எழுதியது வெட்கக்கேடானது. ஆனால் வாதாடாமல் விட்ட இடத்தில் வேறு யாரோ வந்து வாதாடிவிட்டுப் போனார்கள்.

இனி, பயங்கரவாதிகளுடன் பேசியதே பிழை என்று சொல்லும் கண்டி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பிரேமதாச பேசினார். சந்திரிகா பேசினார், தற்கொலைக் குண்டில் ஒரு கண்ணின் பார்வையை இழந்து சில வாரங்களில் நோர்வேயின் பங்கைப் பகிரங்கப்படுத்தியதும் அவரே. தலதா மாளிகைக் குண்டுக்காக விதித்த தடையை 2002 செப்டெம்பரில் நீக்கிவிட்டு ரணில் பேசினார். திகம்பதனையில் நூறு சவப்பெட்டிகள் மூடப்பட்ட பன்னிரண்டாம் நாள் மஹிந்த ராஜபக்ஷவின் அமைச்சர்கள் ஜெனீவாவில் அமர்ந்தார்கள். பேசியது பிழையல்ல. வெறுங்கையுடன் பேசவைத்தது பிழை.

கையில் ஒரு பொருள் இருந்தது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. 2003இல் சர்வதேச மன்னிப்புச் சபையின் முன்னாள் செயலாளர் நாயகம் இயன் மார்ட்டின் மனித உரிமைகளுக்கான ஒரு வழிவரைபடத்தைத் தயாரித்தார். பேர்லினிலும் ஹக்கோனேயிலும் அது பேசப்பட்டது. சிறுவர் ஆட்சேர்ப்பு, ஆட்கடத்தல், கொலை ஆகியவற்றைக் கண்காணிக்கப் பொறிமுறை வேண்டும் என்பது அதன் சாரம். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். வரைபடம் இறாக்கைக்குப் போயிற்று. ஜூன் மாதம் டோக்கியோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி 450 கோடி டொலர் தருவதாகச் சொல்லி, சமாதான முன்னேற்றத்துடன் உதவியை இணைத்தன. முன்னேற்றம் நின்றது, பணம் நிற்கவில்லை, சுனாமிக்குப் பின் இன்னும் தாராளமாகவே வந்தது. மனித உரிமையை அழுத்திக் கேட்டால் பேச்சுக் குழம்பிவிடும் என்று தூதுவர்கள் எங்களுக்குத் தனிப்பட்ட முறையில் விளக்குவார்கள். பேச்சுக் குழம்பித்தான் போயிற்று. அப்போது மக்களைக் காக்க வேறொன்றும் மிச்சமிருக்கவில்லை. பேச்சு முறிந்தாலும் முறியாத ஒரு கண்காணிப்பு, யார் வந்தாலும் வராவிட்டாலும் வன்னியிலும் வாகரையிலும் நிற்கக்கூடிய ஒரு கண்காணிப்பு, 2003இல் சாத்தியமாக இருந்தது. 2006க்குப் பிறகு கெஞ்சினார்கள், கொழும்பு மறுத்தது. நீதியரசர் பகவதி தலைமையில் வந்த சர்வதேச நிபுணர் குழுவும் 2008இல் மனம் வெறுத்துத் திரும்பிப் போயிற்று. 2009 பெப்ரவரியில் இணைத் தலைமை நாடுகள் புலிகளை ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொல்லி அறிக்கை விட்டபோது, அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வன்னியில் ஒரு கண்காணிப்பாளரும் இல்லை. இறுதி மாதங்களில் நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறியது. எண்ணுவதற்கு எவரையும் விட்டுவைக்காததால் அந்த எண்ணிக்கையைப் பற்றி இன்றும் சண்டை.

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2023 டிசம்பரில் உலகத் தமிழர் பேரவையினரும் பௌத்த பிக்குகள் குழுவொன்றும் சேர்ந்து இமயமலைப் பிரகடனம் என்ற ஆவணத்துடன் கண்டிக்கு வந்தார்கள். சுவிற்சர்லாந்தின் அனுசரணையில், நேபாளத்தின் நாகர்கோட்டில் பேசி உருவாக்கியது அது. இம்முறை மகாநாயக்கர்களிடம் நேரே வந்தது நல்ல காரியம். நோர்வேக்காரர்கள் செய்யத் தவறியதைச் செய்தார்கள். ஆனால் வடக்கில் கட்சிகளும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களும் எங்களைக் கேட்காமல் யாருக்காகப் பேசினீர்கள் என்று கேட்டன. முன்பு கிளிநொச்சிக்குப் போனவர்கள் கண்டியைக் கேட்கவில்லை. இப்போது கண்டிக்கு வந்தவர்கள் கிளிநொச்சியைக் கேட்கவில்லை.

மாகாண சபை கேட்டே இத்தனை பாடு. கண்டியில் இருப்பவர்கள் வாக்களித்த மத்திய மாகாண சபைக்கும் யாழ்ப்பாணத்தவர்கள் வாக்களித்த வடமாகாண சபைக்கும் கடைசியாகத் தேர்தல் நடந்தது ஒரே நாளில்: 2013 செப்டெம்பர் 21. இரண்டின் ஆயுளும் 2018இல் முடிந்தது. சர்வதேச மேசை எதையும் கூட்டாமலேயே இதற்காகச் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து குரல் கொடுக்கலாம். எந்தத் தூதுவரும் இதற்காக விமானம் ஏறியதாக நான் அறியவில்லை. காணாமல் போன பிள்ளைகளின் படங்களுடன் 2017இல் வவுனியாவில் தாய்மார் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்களே, அது ஏ9 வீதியின் ஓரத்தில். கண்டியில் பேருந்து ஏறினால் சில மணிநேரப் பயணம்.